மட்கார்டுக்குள் செம்மண்: கழுவினால் போதுமா, கோட்டிங் அடிக்கணுமா?

காரைக்குடிப் பக்கத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. எங்கள் மண்ணும் துருவும் ஒரே நிறம். செம்மண் சிவப்பாக இருப்பதற்குக் காரணமே அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடுதான். துருவும் அதே இனம். அதனால் மட்கார்டின் உள்விளிம்பில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால், "மண்தானே, அடுத்த தடவை கழுவும்போது போயிடும்" என்று விட்டுவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் விட்டேன்.

என்னுடையது 2011-ல் வாங்கிய சின்ன கார். ஒரு தை மாதம் பின்சக்கரத்துக்கு மேலே அந்தச் சிவப்பை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். மண் என்றால் துணியில் மாவாகக் கரைந்து வந்திருக்கும். இது செதில் செதிலாக வந்தது. டிங்கர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "முன்னாடியும் பாத்துருவோம்ணே" என்று முன்சக்கரத்தையும் கழற்றினார். மட்கார்டுக்குள் தகட்டை மறைத்து மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறை, அதாவது லைனர், அதன் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். கதவின் கீழ்க்கீலுக்கு முன்னால், ஃபெண்டர் தகடும் வாசல் அடிச்சட்டமும் சேருகிற மூலையில் இரண்டு கை கொள்ளுகிற அளவுக்கு மண் இருந்தது. மேலே காய்ந்து பாளமாகிவிட்டது. ஸ்குரூடிரைவரால் உடைத்தால் உள்ளே ஈரம். மழை விட்டு ஐந்து வாரம் ஆகியிருந்தது. வேப்பிலைக் காம்புகள், சல்லி, ஊறிப் பருத்த ஒரு புளியங்கொட்டை எல்லாம் அதற்குள் கிடந்தன.

"வாராவாரம் தண்ணி அடிச்சிருக்கீங்கண்ணே. இந்த இடத்துக்கு ஒரு தடவைகூட போகலை" என்றார்.

எந்த கோட்டிங் நல்லது என்று கேட்பவர்களிடம் எல்லாம் நான் முதலில் கேட்பது அந்த மூலையைப் பற்றித்தான். அங்கே மண் இருக்கும்வரை மேலே எதை அடித்தாலும் வீண்.

ஏன் என்று கொஞ்சம் சொல்கிறேன். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றில் உள்ள ஆக்சிஜனும் வேண்டும். ஈரமண் அப்பியிருக்கும் தகட்டில், மண்ணுக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு, சுற்றி இருக்கும் இடத்தில் அதிகம். இந்த வித்தியாசமே ஒரு சின்ன மின்கலம் போல வேலை செய்யும். அதில் அரிபடுவது ஆக்சிஜன் குறைவாக இருக்கும் பக்கம், அதாவது மண் மூடிய இடம். மழையில் நனைந்து மறுநாள் காய்ந்துவிடுகிற வெறும் தகட்டைவிட, மண் மூடி வாரக்கணக்கில் ஈரமாக இருக்கும் தகடு சீக்கிரம் போய்விடுவது இதனால்தான். இந்தப் பாடத்தையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் நம் ஊரில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். உலோக அரிமானம் அங்கே முக்கியமான ஆராய்ச்சி. கடல்காற்றில் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க, ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கும் மண்டபம் ஊரிலும் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரின் அடிப்பாகத்துக்கு விற்கிற கோட்டிங்குகளுக்குப் பெரிய தேவை இருப்பது பனி பெய்யும் நாடுகளில். அங்கே பனி உறையாமல் இருக்கக் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். செட்டிநாட்டுச் சாலையில் உப்பு கிடையாது. நம் தொல்லை செம்மண், ஐப்பசி கார்த்திகை அடைமழை, சித்திரை வெயிலில் இளகி ஒட்டும் தார், இவ்வளவுதான். ராமேஸ்வரம், தொண்டி பக்கம் அடிக்கடி போகிறவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வாட்டர் சர்வீஸா, வீட்டுக் குழாயா

வாட்டர் சர்வீஸில் விட்டால் அரைமணி நேரத்தில் வேலை முடியும். வண்டியை லிஃப்ட்டில் தூக்கும்போது சக்கரம் கீழே தொங்கும், மட்கார்டுக்குள் நல்ல இடைவெளி கிடைக்கும். இது வீட்டில் கிடைக்காத வசதி. ஆனால் அங்கே தண்ணீர் பீய்ச்சுகிற கன்னின் வேகத்தை ரொம்ப நம்பக் கூடாது. தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே அடிக்கிறது. எதிரே தெரியும் பரப்பு பளிச்சென்று ஆகும். விளிம்பின் மடிப்புக்குள் இருக்கும் மண்ணை அது இன்னும் உள்ளே தள்ளுவதும் உண்டு. கிட்டத்தில் வைத்து அடித்தால் பேரிங் சீலுக்குள் தண்ணீர் போகலாம், பிரேக்குக்கான ஏ.பி.எஸ். சென்சார் வயரும் கெடலாம். குறைந்தது ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை முழுசாக இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை ஒடித்துவைத்து அடிக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலும் செய்ய மாட்டார்கள்.

கழுவி முடித்ததும் டீசல் அடித்துத் தரட்டுமா என்று சில இடங்களில் இன்னும் கேட்கிறார்கள். வேண்டாம். அன்றைக்குக் கறுப்பாக மின்னும். ஆனால் ரப்பர் புஷ்ஷும் ரப்பர் உறைகளும் ஊறிப்போகும், ஏற்கெனவே கோட்டிங் இருந்தால் அதுவும் இளகும். பழைய என்ஜின் ஆயிலைப் பிரஷ்ஷால் பூசுகிற வழக்கமும் அப்படித்தான். லாரிக்காரர்கள் செய்தார்கள் என்பதற்காக நாமும் செய்யக் கூடாது. ஓடித் தேய்ந்த ஆயிலில் அமிலமும் உலோகத் தூளும் கலந்திருக்கும். அது சொட்டுவதும் நம் மண்ணில்தான், மழையோடு ஓடிச் சேர்வதும் நம் கண்மாயில்தான்.

எனக்குப் பிடித்தது வீட்டுக் குழாய். வேகம் குறைவு, அதுதான் அதன் பலம். காய்ந்த செம்மண்ணை அடித்து உடைக்க வேண்டியதில்லை, ஊறவைத்தால் போதும். நான்கு சக்கரத்துக்கும் மேலே ஒரு சுற்றுத் தண்ணீர் விட்டுவிட்டுக் கால்மணி நேரம் சும்மா இருங்கள். திரும்பி வந்து, மேலிருந்து கீழாக விடுங்கள். மண் குழம்பாக இறங்குவது தெரியும். அப்புறம் விளிம்பு. மட்கார்டின் உதட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி மடிப்பு இருக்கும். பின்சக்கரத்தில் உள்தகடும் வெளித்தகடும் சேர்த்துப் பற்றவைத்த இடம் அது. துரு முதலில் கிளம்புவது பெரும்பாலும் அங்கேதான். அதற்கு இரண்டு அங்குலப் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும், பால் பாட்டில் கழுவுகிற பிரஷ்ஷும் போதும். வெறும் விரலை விடாதீர்கள், தகட்டு ஓரம் அறுத்துவிடும். தோட்ட வேலைக்குப் போடுகிற கையுறை இருந்தால் நல்லது.

வருஷத்துக்கு ஒரு தடவையாவது சக்கரத்தைக் கழற்றிச் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே தலையைக் கொடுக்கக் கூடாது. ஸ்டாண்டு வைத்து, எதிர்ச்சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகுதான் கையே உள்ளே போக வேண்டும். திரும்ப மாட்டும்போது நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முடுக்குங்கள். ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

சோப்பு எது என்று ரொம்ப யோசிக்க வேண்டாம், சாதாரண கார் ஷாம்பு போதும். துணி வெளுக்கிற சோடா மட்டும் கூடாது, அலாய் வீலின் அலுமினியத்தை அரித்துவிடும். தாரை எடுக்கத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிடலாம். மண்ணெண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேராக ஊற்ற வேண்டாம்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். சில ஊர்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். வாளியில் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கிற தண்ணீர் என்றால், கடைசியாக இரண்டு வாளி நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். அதற்காக வண்டியை ஊருணிக் கரைக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஊருணி குடிதண்ணீருக்காக வெட்டியது. அதில் ஷாம்பும் தாரும் கரைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

கழுவிய கையோடு கொட்டகையில் விட்டுக் கதவைச் சாத்துவதும் தப்பு. பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். மடிப்புக்குள் நிற்கிற தண்ணீர் அதில்தான் வெளியேறும்.

ரப்பர் கோட்டிங்

ஷோரூமில் புது கார் எடுக்கும்போதே கேட்பார்கள், "அண்டர்பாடி கோட்டிங் போட்டுரலாமா சார்?" என்று. கறுப்பாக, தடிப்பாக, தொட்டால் ரப்பர் மாதிரி இருக்கும். தார் கலந்த வகை ஒன்று, ரப்பர் கலந்த வகை ஒன்று, மேலே பெயிண்ட் அடிக்கக்கூடிய கெட்டியான பாலியூரித்தேன் வகை ஒன்று. எதுவானாலும் இரண்டு நன்மை உறுதி. சல்லி தெறித்துத் தகட்டில் படும் அடியை அது தாங்கும். சத்தமும் குறையும். சாலை போடுகிற இடம், குவாரி, செங்கல் சூளை என்று தினம் போய் வருகிற வண்டிக்கு இது பிரயோஜனமான செலவுதான்.

மற்றவர்களுக்கு? புது காரின் உடலைத் தொழிற்சாலையிலேயே முழுசாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சித்தான் முதல் பூச்சை ஏற்றுகிறார்கள். இணைப்புகளில் சீலரும் போட்டு வருகிறது. உள்ளே நாலு சக்கரத்துக்கும் பிளாஸ்டிக் லைனர் இருந்தால், கோட்டிங்குக்கு மிச்சமிருக்கும் வேலை கம்மி. நம் ஊருக்குள் ஓடுகிற அப்படிப்பட்ட புது காருக்கு அந்தப் பணம் அவசியமில்லை என்பதே என் கருத்து.

பழைய காருக்கு அடிப்பதில்தான் ஆபத்து. என் காருக்கு 2016-ல் ஒரு கடையில் அடித்தேன். காலை ஒன்பது மணிக்குக் கழுவினார்கள், பதினொரு மணிக்கு கோட்டிங் அடித்து முடித்துவிட்டார்கள். சக்கரத்தைக் கழற்றவில்லை. மடிப்புக்குள் ஈரம் இருந்திருக்கும், மண்ணும் இருந்திருக்கும். எனக்கும் அப்போது கேட்கத் தெரியவில்லை. ஆரம்பத்தில் சொன்னேனே, பின்சக்கரத்துச் செதில், அதை டிங்கர் நெம்பியபோது கோட்டிங் பாயாக உரிந்து வந்தது. மேல்பக்கம் ஒரு கீறலும் இல்லை. அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு. ஓரத்தில் எங்கோ விட்ட வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, வெளியே வர வழியில்லை. கோட்டிங் இல்லாமல் இருந்திருந்தால் இரண்டு வருஷம் முன்னாலேயே என் கண்ணில் பட்டிருக்கும்.

அதனால் அடிக்கத்தான் போகிறீர்கள் என்றால் கடைக்காரரிடம் இவ்வளவையும் கேளுங்கள். சக்கரத்தைக் கழற்றுவீர்களா? லைனரை எடுப்பீர்களா? கழுவிவிட்டு ஒரு ராத்திரி காயவிடுவீர்களா? டிஸ்க், காலிப்பர், சைலன்சர், ஷாக் அப்சார்பர் ராடு எல்லாவற்றையும் மூடிவிட்டு அடிப்பீர்களா? அடிச்சட்டத்தில் தண்ணீர் வடியும் துளைகளை அடைக்காமல் விடுவீர்களா? கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். அந்தத் துளை அடைபட்டால் சட்டத்துக்குள் போகிற மழைத்தண்ணீர் அங்கேயே தங்கிவிடும். இந்த ஐந்துக்கும் சட்டென்று ஆமாம் சொல்லி, வேறு வண்டிக்குச் செய்த போட்டோவைக் காட்டுகிற கடை என்றால் நம்பிக் கொடுக்கலாம். "சாயங்காலமே எடுத்துக்கலாம் சார்" என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே துரு இருந்தால் முதலில் கம்பி பிரஷ், அப்புறம் உப்புத்தாள். உதிர்கிறது எல்லாம் உதிர்ந்த பிறகு, கெட்டியாகப் பிடித்திருக்கும் மிச்சத்துக்கு ரஸ்ட் கன்வர்ட்டர். வாழைப்பூ நறுக்கினால் அரிவாள்மனை கறுத்துப்போகிறதே, அதே வேதியியல்தான் டானிக் அமிலம் கலந்த கன்வர்ட்டரிலும் நடக்கிறது. துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுப்பாக இறுகிவிடும். அது காய்ந்ததும் பிரைமர், அதன்மேல் பெயிண்ட். தகடு ஓட்டையே விழுந்துவிட்டால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைக்க வேண்டியதுதான். ஓட்டையைப் பட்டி வைத்து மூடினால் அது ஈரத்தை இழுத்து, ஒரே மழைக்காலத்தில் மறுபடியும் கொப்பளிக்கும்.

மெழுகும் லனோலினும்

நம் ஊரில் இதை அதிகம் பேர் கேள்விப்பட்டதில்லை. கடையிலும் சுலபமாகக் கிடைக்காது, ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டும். ஸ்பிரே டப்பாவில் நீளமான குழல் வைத்து வரும். ஒரு வகை மெழுகு. இன்னொரு வகை லனோலின், ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. இவை இறுகிப்போவதில்லை. கல் பட்டுக் கீறினாலும் மெல்ல இழைந்து மூடிக்கொள்ளும். மடிப்புக்குள் தானாகவே ஊர்ந்து போகும். ரப்பர் கோட்டிங்கால் எட்ட முடியாத மூலைக்கு இதனால் எட்ட முடியும்.

குறையும் இருக்கிறது. பிசுபிசுவென்று தூசி ஒட்டும். வெயில் ஏறினால் கொஞ்சம் வழியும். பலத்த தண்ணீர் அடித்தால் கழன்று போய்விடும், வருஷா வருஷம் புதிதாக அடிக்க வேண்டும். ரப்பர் புஷ், பிரேக் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். காரணம், இது எதையும் மறைப்பதில்லை. டார்ச் அடித்தால் அடியில் தகடு எப்படி இருக்கிறது என்று தெரியும். துரு ஆரம்பித்தால் அந்த வருஷமே கண்ணில் படும்.

செராமிக் பற்றியும் கேட்கிறார்கள். வெளி பெயிண்டுக்கு அது அழகு. மட்கார்டுக்குள் அடித்தால் மண் சுலபமாகக் கழன்று போகும், அவ்வளவுதான். கல்லடிக்கு அது தாங்காது.

லைனர்

பல சின்ன கார்களில் முன்சக்கரத்துக்கு மட்டும் லைனர் இருக்கும், பின்னால் வெறும் தகடு. பின்னாலும் வாங்கிப் போட்டுவிடுவது நல்ல யோசனை. உங்கள் காருக்கே வார்த்ததாக, ஏற்கெனவே இருக்கும் துளைகளில் கிளிப்பு மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். எல்லா காருக்கும் பொருந்தும் என்று சொல்லித் தகட்டில் புதுத்துளை போட்டு ஸ்குரூ முடுக்கினால், ஒவ்வொரு துளையும் ஒரு துரு வாசல். துணி மாதிரியான ஃபெல்ட் லைனர் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் ஈரம் காய நேரமாகும். நம் மண்ணுக்குப் பிளாஸ்டிக்கே தேவலை. எந்த லைனரானாலும் வருஷம் ஒரு தடவை கழற்றிப் பின்னால் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் முன்னே நான் சொன்ன மண் லைனருக்குப் பின்னால்தான் இருந்தது. கழற்றும்போது பழைய கிளிப்புகளில் நாலைந்து உடையும், முதலிலேயே ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு எது

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் என்று இந்தச் சுற்றுக்குள் ஓடுகிற கார் என்றால் கழுவுதலும் மெழுகும் போதும், பின்னால் லைனர் இல்லையென்றால் லைனரும். என் காருக்கு இப்போது அதுதான். துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து, மடிப்பில் மெழுகு விட்டு, பின்னால் லைனர் போட்டேன். ரப்பர் கோட்டிங் மறுபடி அடிக்கவில்லை.

மாதம் ஒரு தடவையாவது ராமேஸ்வரமோ தொண்டியோ போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது நேரம். பாம்பனில் இறங்கி நின்று கடலைப் பார்க்கிற பத்து நிமிஷத்தில் வண்டிமேல் உப்புக்காற்று படிகிறது. கரையில் மணலுக்குள் வண்டியை இறக்கினால் இன்னும் மோசம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். திரும்பிவந்த ராத்திரியே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே, மட்கார்டுக்குள் நல்ல தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று வைக்க வேண்டாம். மெழுகையும் வருஷத்துக்கு இரண்டு தடவை அடிப்பது நல்லது.

மூன்றாவது வகை செட்டிநாட்டுக்கே உரியது. பள்ளத்தூரில் எங்கள் பெரியப்பச்சி வீட்டு கார் அந்த ரகம். அவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்று வந்தால் ஒரு வாரம் ஓடும், மற்ற நாளெல்லாம் கொட்டகையில் உறை போட்டு நிற்கும். ஓடாத வண்டிக்கு என்ன ஆகப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். போன தடவை பார்த்தபோது லைனருக்கு மேலே எலி கூடு கட்டி, வைக்கோலும் துணியும் திணித்து, அது ஈரத்தில் ஊறிக்கிடந்தது. இந்த வண்டிக்குக் கோட்டிங் எதுவும் உதவாது. விட்டுப்போவதற்கு முன்னால் கழுவி, ஓட்டிக் காயவைத்து, உறையைச் சக்கரத்துக்கு மேலேயே நிறுத்திக் காற்றுப் போக விட வேண்டும். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் மாதம் ஒரு தடவை லைனருக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நாள் குறித்துக்கொள்வதும் கஷ்டமில்லை. ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லோரும் வண்டி கழுவுவோம். அதற்கு இரண்டு நாள் முன்னாலேயே சக்கரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு நாள் காயவிட்டு, மெழுகு அடித்துவிட்டால், சந்தனம் குங்குமம் வைக்கும்போது வண்டி அடைமழைக்குத் தயாராக நிற்கும். தை பிறந்ததும் இன்னொரு தடவை கழுவுங்கள். அப்போது முன்சக்கரத்துக்குப் பின்னால், அடிச்சட்டத்தின் கீழே, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மேலே தண்ணீர் விட்டால் அதிலிருந்து முதலில் சிவப்பாகச் சொட்டும். தெளிவாகச் சொட்டுகிறவரை விட்டுக்கொண்டே இருங்கள்.